துர்க்மெனிஸ்தான் பயணம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

துர்க்மெனிஸ்தான் குழுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: தனியாகப் போக முடியாதா? மலிவாகக் கிடைக்கும்போதே விமான டிக்கெட்டை எடுத்துவைத்தால் என்ன? வழிகாட்டி எந்நேரமும் கூடவே வரவேண்டுமா? தொலைபேசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் அல்ல இவை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் விசா. இந்த நாட்டுக்குச் சுற்றுலா விசா வேண்டுமென்றால் அங்கே உரிமம் பெற்ற ஒரு பயண நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பித்து அழைப்புக் கடிதம் வாங்க வேண்டும். உங்கள் பெயர், பாஸ்போர்ட், வேலை, போகவிருக்கும் ஊர்கள் எல்லாவற்றையும் அந்நாட்டு அதிகாரிகள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அந்தக் கடிதம் வரும். வாரக்கணக்கில் ஆகும். சில வேளை மறுத்துவிடுவார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். பத்திரிகை, ஒளிபரப்புத் துறைகளில் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. வேலையை மறைத்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்காதீர்கள், நாங்கள் அதற்கு உடன்பட மாட்டோம். கடிதம் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். கடிதம் மறுக்கப்பட்டால் எங்களிடம் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தருகிறோம். ஆனால் நீங்களாக எடுத்த டிக்கெட்டுக்கு எங்களால் எதுவும் செய்ய இயலாது.

தனியாகப் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. அண்டை நாடொன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து செல்பவர்களுக்குச் சில நாள் கடப்பு விசா தருவதுண்டு. அதற்கு வழிகாட்டி தேவையில்லை. கிடைத்தால் கிடைத்தது, அவ்வளவுதான். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது. அவசரமாகக் கடந்துபோவதற்காகவா இத்தனை தூரம் போவது? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இனி, வழிகாட்டி. இந்த மடலில் நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: அவர் உங்களைக் காவல் காக்க வந்தவர் அல்லர்; உங்களுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட நிறுவனத்தின் ஆள். நீங்கள் விதியை மீறினால் உங்களுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் ஒரு கண்டிப்பு, ஓர் அபராதம், மோசமானால் நாட்டைவிட்டு வெளியேற்றம். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். அவர் அங்கேயே வாழ வேண்டியவர். அவருடைய உரிமம், வேலை, குடும்பத்தின் வருமானம் எல்லாம் உங்கள் நடத்தையைப் பொறுத்திருக்கின்றன. ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு விலை கொடுப்பவர் அவர்தான்.

ஆகவே அதிபர் மாளிகை, அரசுக் கட்டடங்கள், காவலர்கள், எல்லைச் சாவடிகள் ஆகியவற்றைப் படமெடுக்காதீர்கள். ஒரு கட்டடம் எதுவென்று தெரியாவிட்டால் வழிகாட்டியிடம் கேட்டுவிட்டுக் கேமராவை எடுங்கள். ஆட்சியைப் பற்றி அவருடைய கருத்தைக் கிண்டிக் கேட்காதீர்கள். 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த அந்த நாட்டை 2006 டிசம்பரில் இறக்கும்வரை சபர்முராத் நியாசோவ் ஆண்டார். அவருக்குப் பின் குர்பான்குலி பெர்திமுகமதோவ். 2022 மார்ச்சிலிருந்து அவருடைய மகன் செர்தார். இது உலகறிந்த வரலாறு, புறப்படும் முன் வேண்டிய மட்டும் படித்துக்கொள்ளுங்கள். அங்கே போய், மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஓர் உள்ளூர்க்காரரைப் பதில் சொல்லவைப்பது நியாயமல்ல. அவர் தாமாகச் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணச் செலவு, குதிரைகள், முலாம்பழம் என்று அவர் பேசப் பேச நாட்டைப் பற்றி நிறையவே தெரிந்துகொள்வீர்கள்.

பணமாற்று விஷயத்திலும் இதே விதிதான். 2015 முதல் அரசு விகிதம் ஒரு டாலருக்கு 3.5 மனாத் (அந்நாட்டு நாணயம்). வெளிச்சந்தையில் பல மடங்கு கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சட்டவிரோதம். எங்கள் குழுவில் அதற்கு இடமில்லை. வெளிநாட்டு அட்டைகளைப் பெரும்பாலான இடங்களில் வாங்குவதில்லை. கிழியாத, எழுத்தில்லாத டாலர் நோட்டுகளைக் கொண்டுவாருங்கள்.

ஊர்களைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் பலரும் தர்வாசாவில் வாயு எரியும் பள்ளத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

தலைநகர் அஷ்காபாத் வெண்பளிங்கால் ஆனது போலிருக்கும். 2013-இல் கின்னஸ் அமைப்பு அங்கிருந்த 543 புதிய கட்டடங்களைக் கணக்கெடுத்து, பளிங்குக் கட்டடங்கள் மிக நெருக்கமாக அமைந்த நகரம் என்று பதிவு செய்தது. பார்ப்பவர்களுக்கு வியப்பும் திகைப்பும் வருவது இயல்பு. ஆனால் இங்கே பழைய தெருக்களும் வீடுகளும் ஏன் அனேகமாக இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1948 அக்டோபர் 6-ஆம் தேதி விடிவதற்கு முன் வந்த நிலநடுக்கம் அந்த நகரத்தை ஏறக்குறைய முழுவதுமாக இடித்துப்போட்டது. பல்லாயிரம் பேர் மாண்டனர். சாவுக் கணக்கை அன்றைய சோவியத் அரசு வெளியில் சொல்லவில்லை. நியாசோவின் தாயும் சகோதரர்களும் இறந்தவர்களில் அடக்கம். வயதானவர்களைச் சந்திக்க நேர்ந்தால் அந்த நாளைப் பற்றிச் சொல்லக் கேட்பீர்கள்.

எங்களைக் கேட்டால், இந்தப் பயணத்தின் உயிர் மெர்வில்தான் இருக்கிறது. மேரி நகரிலிருந்து சிறிது தூரம், பைராமாலி ஊரின் ஓரம். மெர்வ் ஒரே ஊர் அல்ல. எர்க் கலா, கியாவுர் கலா, சுல்தான் கலா என்று காலந்தோறும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழுந்த மண்கோட்டை நகரங்களின் தொகுதி அது. 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 12-ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் என்ற துருக்கிய அரச மரபின் சுல்தான் சஞ்சருக்குத் தலைநகராக இருந்தபோது உலகின் பெரும் நகரங்களில் ஒன்றாக விளங்கியது. சஞ்சரின் கல்லறை மண்டபம் இன்றும் நிற்கிறது. புவியியலாளர் யாகூத் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்தார். ஊரில் பத்து நூலகங்கள் இருந்தன என்றும், எந்நேரமும் தம் வீட்டில் ஏறக்குறைய இருநூறு புத்தகங்கள் இருந்தன என்றும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் கேட்காமலே கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மங்கோலியர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் ஊரைவிட்டுப் போனார். 1221-இல் அவர்கள் வந்தார்கள். இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போய் நின்றால், வெறும் மண்மேடாகத் தெரிந்தது நகரமாகத் தெரியத் தொடங்கும். ‘அங்கே என்ன இருக்கிறது, ஒரு மணி நேரம் போதாதா’ என்று கேட்பவர்களிடம் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை; மெர்வுக்கு ஒரு முழு நாள் உண்டு.

வடக்கே கோன்யே ஊர்கெஞ்சில் சுமார் 60 மீட்டர் உயரமுள்ள குத்லுக் தைமூர் கோபுரமும், துராபெக் கானும் கல்லறை மண்டபத்தில் குவிமாடத்தின் உட்புறத்திலுள்ள வண்ண ஓட்டு வேலைப்பாட்டையும் காண்போம். தெற்கே நிசாவில், பழங்காலத்தில் ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்களின் கோட்டை.

காராகும் பாலைவனத்து நடுவிலிருக்கும் தர்வாசாவுக்கும் கட்டாயம் போகிறோம், ஓர் இரவு கூடாரத்தில் தங்குகிறோம். ஆனால் இணையத்தில் பார்த்த பழைய படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். ஏறத்தாழ 70 மீட்டர் அகலமும் 30 மீட்டர் ஆழமும் உள்ள அந்தப் பள்ளத்தில் இயற்கை எரிவாயு பல பத்தாண்டுகளாக எரிந்துவருகிறது. 1971-இல் துளையிடும்போது நிலம் உள்வாங்கியது என்ற கதை பரவலானது. அந்நாட்டு நிலவியலாளர்கள் சிலர் வேறு ஆண்டுகளைச் சொல்கிறார்கள். தீயை அணைக்கும்படி 2022-இல் அப்போதைய அதிபர் குர்பான்குலி ஆணையிட்டார். தீ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று 2025-இல் அரசு எரிவாயு நிறுவனத்தின் தரப்பிலேயே சொன்னார்கள். வீணாகும் வாயு குறைவது நல்லதுதான், நாங்கள் அதை வரவேற்கிறோம். தீயை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதாக இருந்தால் இன்னொரு முறை யோசியுங்கள். நிலவில்லாத இரவில் பாலைவன வானத்தைப் பார்ப்பதற்காகவும் வருவதாக இருந்தால் வாருங்கள்.

கோடையில் வெயில் 40 டிகிரியை எளிதாகத் தாண்டும் என்பதால் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே குழுக்களை அனுப்புகிறோம். கோடீன், டிரமடால் என்ற வலிநீக்கிகள் கலந்த மருந்துகளைக் கொண்டுவராதீர்கள். மற்ற மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு அவசியம். பல சமூக வலைத்தளங்களும் செய்திச் செயலிகளும் அங்கே முடக்கப்பட்டிருக்கின்றன, வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் ஆட்டிறைச்சிக்குத்தான் முதலிடம். சைவம் உண்பவர்களுக்கு ரொட்டி, தயிர், தக்காளி, வெள்ளரி, பழங்கள் உண்டு, ஆனால் நாள்தோறும் ஏறக்குறைய அதுவேதான். அந்த ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், அவர்கள் மனம் புண்படும். கம்பளம் வாங்கினால் வெளியே கொண்டுபோக அனுமதிச் சான்று வேண்டும்; எங்கே வாங்கினால் சான்று எளிதாகக் கிடைக்கும் என்று வழிகாட்டி சொல்வார்.

அடுத்த குழுவுக்கு வர விரும்புவோர் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல், புகைப்படம், வேலை விவரம் மூன்றையும் அனுப்புங்கள். பாஸ்போர்ட் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. உங்கள் விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் எது நடைமுறையோ அதைத் தனியே எழுதித் தெரிவிப்போம்.

இப்படிக்கு,
துர்க்மெனிஸ்தான் பயண ஏற்பாட்டாளர்கள்