பெயரைக் கேட்டதும் மூடும் கதவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் வீடு தேடிய என் சக ஊழியரிடம் முன்பணம் வரை தொலைபேசியில் பேசி முடித்த வீட்டு உரிமையாளர், அவரது முஸ்லிம் பெயரைக் கேட்டதும் "உறவினர் குடிவருகிறார்கள்" என்று மறுத்துவிட்டார். 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை அடுத்த வாரமும் அந்த வாசலில் தொங்கியது. "நீங்கள் மற்ற முஸ்லிம்களைப் போல இல்லை" என்று நண்பரைப் பாராட்டுவதும், எங்கோ குண்டு வெடித்தால் அவரிடம் விளக்கம் எதிர்பார்ப்பதும் இதே வெறுப்பின் மென்மையான வடிவங்கள்தாம். 2020இல் கொரோனாவுக்கு ஒரு சமூகத்தையே காரணமாக்கிய வாட்ஸ்அப் செய்திகளைக் கல்வி கற்றவர்களும் தயங்காமல் பரப்பினார்கள்.

நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு இன்றும் எல்லாச் சமயத்தாரும் திரள்கிறார்கள். அந்தப் பெருமையைப் பேசிக்கொண்டே பக்கத்து வீட்டை மறுப்பது என்ன நியாயம்?

கடைகளிலும் உணவகங்களிலும் மதத்தின் பேரால் ஒருவரைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு. வாடகை வீட்டுக்கும் அத்தகைய பாதுகாப்பைத் தமிழக அரசு சட்டமாக்க வேண்டும். குடும்பக் குழுவில் அவதூறு வரும்போது, அனுப்பியவர் பெரியவர் என்று பேசாமல் இராமல், அது பொய் என்று நாமும் அங்கேயே எழுத வேண்டும்.

வாசகர், கும்பகோணம்