சமத்துப் பிள்ளையின் ஆறு நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால் அம்மா உள்ளே வந்து போவதால்தான் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் பழகிவிடுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்ததை என்னால் விழுங்க முடியவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒரு வயது பத்து மாதத்தில் நிமோனியா கண்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் ஐ.சி.யூ. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், அதுவும் ஒருவருக்குத்தான் பாஸ். முதல் இரண்டு நாள் அவன் போட்ட கூச்சல் கண்ணாடிக் கதவைத் தாண்டி வராந்தாவில் இருந்த எங்களுக்குக் கேட்டது. மூன்றாம் நாள் சத்தமே இல்லை. பையன் சமத்தாகிவிட்டான் என்றார் சிஸ்டர். "அப்பாடா" என்று நாங்களும் காபி குடிக்கப் போனோம். ஐந்தாம் நாள் மகள் உள்ளே போய்க் கையை நீட்டியபோது, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போர்வை ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தானாம்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் அவள் குளிக்கப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான். பேசிக்கொண்டிருந்த நாலைந்து சொற்களும் கொஞ்ச நாள் காணாமல் போயின.

எங்கள் வீட்டுக் கதை என்று விட்டிருப்பேன். ஆனால் இதே மௌனத்தை லண்டனில் ஒருவர் படமே எடுத்திருக்கிறார். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் வார்டில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைக் கேமராவில் பதிவுசெய்தார். அவளும் ஓயாமல் அழுகிற பிள்ளை இல்லை. அம்மா வரும்போது ஒட்டாமல் விலகுகிற பிள்ளை. குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது, பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது, கடைசியில் மனத்தை விலக்கிக்கொள்கிறது என்பது அவர் பல வார்டுகளில் கண்டது. அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நாம் சமத்து என்கிறோம். 1952-இல் மருத்துவர்கள் முன் படத்தைத் திரையிட்டபோது அவர்களில் பலருக்குக் கோபம் வந்ததாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோரை உள்ளே விட்ட மருத்துவமனைகள் இருந்த காலம் அது. 1959-இல், மருத்துவமனையில் பிள்ளைகளின் நலன் பற்றி ஆராய பிரிட்டனில் அமைக்கப்பட்ட பிளாட் குழுவின் அறிக்கை வந்து, பெற்றோர் எந்நேரமும் வரலாம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு தாய் தங்க வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் தாய் கட்டிலிலேயே ஒண்டிப் படுத்திருப்பாள். கீழே கூடை, பிளாஸ்க், துணிமூட்டை. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. காசு கட்டிப் போன இடத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்டின் அருமை தெரிந்தது.

தாயை ஐ.சி.யூ.வுக்குள் விட்டால் தொற்று வரும் என்பார்கள். 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு ஒன்றில், 1.8 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளை ஐ.சி.யூ.வுக்குள்ளேயே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. உடல்நிலை சீராகும்வரை தாயைப் பிரித்து வைத்த குழந்தைகளைவிட இவர்களில் இறப்பு 25 சதவீதம் குறைவு. தொற்றும் கூடவில்லை, குறைந்தது. பச்சிளம் குழந்தைக்கே ஆகாத கெடுதல், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு எப்படி வரும்?

இதைப் படிக்கும் தாய்மார்கள் கலங்க வேண்டாம். சில நாள் பிரிவில் யார் வாழ்க்கையும் கெட்டுவிடாது. என் பேரன் இப்போது மூன்றாம் வகுப்பு, பெரிய வாயாடி. அம்மாவேதான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. பழகிய முகம் ஒன்று, பாட்டியோ அத்தையோ, பக்கத்தில் இருந்தால் போதும்.

கட்டுரையாளர் அடுத்த முறை ஐ.சி.யூ.வுக்குள் போகும்போது ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்