எதிர் வீட்டுப் பொங்கலும் சாதிக் கட்டமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அம்மாவும் நானும் சுகம். சம்பா அறுப்பு பாதி முடிந்தது. கடைசியில் பெய்த மழையில் வாய்க்காலை ஒட்டிய வயல் படுத்துவிட்டது. சாய்ந்த நெல்லை அறுக்க மெஷினுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, வாடகையும் அப்படியே ஏறுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க யோசிக்கிறார்கள். அதனால் ரோட்டிலும் களத்திலும் கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கிறோம். இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் பொங்கலன்று நீ கேட்டதற்குப் போனில் எனக்குப் பதில் வரவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் காகிதம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு பெங்களூரில் உன் சபையில் பாஸ்டர் ரோமர் 12ஐ எடுத்துப் பேசினார். இந்த உலகத்துக்கு ஒத்த வேஷம் போடக் கூடாது; கோலம், கரும்பு, அடுத்த வீட்டுப் பொங்கல் எதுவும் வேண்டாம் என்றார். நீயும் பக்கத்து ஃபிளாட் பெண் கொண்டுவந்த கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாய். அப்படியானால் நாம் இத்தனை வருஷமாக எதிர் வீட்டு அத்தை கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டது பாவமா என்று கேட்டாய்.

உன் பாஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து அலுத்து வரும் பிள்ளைகளை உட்காரவைத்து அதிகாரம் அதிகாரமாக வேதம் வாசிக்க வைக்கிறார் என்றாய். இங்கே வாசிப்புப் பகுதியைப் படிக்கவே ஆள் தேட வேண்டியிருக்கிறது. நானும் பரம்பரைக் கிறிஸ்தவனாக இருந்து, ஒரு உபவாச ஜெபத்தில்தான் மனந்திரும்பியவன். வேத வசனம்தான் கடைசி வார்த்தை என்பதில் உனக்கும் எனக்கும் உன் பாஸ்டருக்கும் வித்தியாசம் இல்லை. வசனத்தை எதன் மேல் வைத்துப் பார்க்கிறோம், எதன் மேல் வைக்க மறந்துவிடுகிறோம் என்பதில்தான் என் கேள்வி.

1 கொரிந்தியர் 10ஐ முழுக்க வாசி. கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் சேர்ந்து உட்கார முடியாது என்று பவுல் கண்டிப்பாகச் சொல்கிறார். அதே அதிகாரத்தில் கொஞ்சம் தள்ளி, அவிசுவாசி ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டால், போக மனமிருந்தால் போ, முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது கஷ்டம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் பண்ணுவது சுலபம்.

எதிர் வீட்டு அத்தை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாது, சின்னப் பிள்ளையாக இருந்தாய். பானை பொங்கியதும், படையல் போடுவதற்கு முன்பே நமக்கென்று ஒரு தூக்கில் எடுத்து மூடி வைத்துவிடுவார்கள். நாம் யாரும் கேட்டதில்லை. கிறிஸ்தவ வீடு, படைத்ததைக் கொடுத்தால் சங்கடப்படுவார்கள் என்று அவர்களாகவே நினைத்துச் செய்வது அது. சூரியனுக்குக் கும்பிடும் நேரத்தில் நாம் அங்கே போய் நிற்பதில்லை, அவர்களும் எதிர்பார்ப்பதில்லை. மாட்டுப் பொங்கலுக்கு நம் மாட்டையும் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறோம், குங்குமம் வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மா சுடும் அதிரசம் முதலில் போவது அந்த வீட்டுக்குத்தான். இவ்வளவு நாள் பழகியதால்தான், அத்தையின் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜெபம் பண்ணச் சொல்லி ராத்திரியில் நம் கதவைத் தட்டினார்கள். கிண்ணத்தைத் திருப்பிய வீட்டுக் கதவை யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள், பாப்பா. அந்த ஃபிளாட் பெண்ணை இந்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிடு.

நமக்கு 10 கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி இருக்கிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் அங்கே கப்பலில் வந்து இறங்கியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதற்கப்புறம் செய்ததைச் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்த ஊர் மக்கள் எந்தத் தெய்வத்தை எப்படிக் கும்பிடுகிறார்கள், ஏன் கும்பிடுகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதி, 1713இல் ஒரு பெரிய கையெழுத்துப் பிரதி முடித்தார். ஜெர்மனியில் ஹாலேயில் இருந்த மிஷன் பெரியவர்கள், உன்னை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்று சொல்லி அச்சடிக்க மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சாகியது. அந்த மனுஷன் விக்கிரகத்தோடு சமரசம் பண்ணியவர் என்று யாரும் சொல்ல முடியாது. புதிய ஏற்பாட்டை முதல்முதலில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தவர் அவர். ஆனாலும் கண்டிக்கிறதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்புறம் உன் சபையின் ஸ்கிரீன், லைட்டு, டிரம்ஸ் பற்றி உன் அம்மாவுக்குத்தான் வருத்தம், எனக்குப் பெரிதாக இல்லை. பாட்டு ஸ்கிரீனில் வந்தால் கண்புரை உள்ளவர்களும் பாடலாம். முன்னால் நிற்கிற நாலு பேர் பாட, மற்றவர்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள் என்றால்தான் கவலை. விதைப்புக் காணிக்கை விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். கொடுத்தால் நூறத்தனையாய் வரும், பட்சிக்கிறவனைக் கர்த்தர் கண்டிப்பார் என்று மல்கியாவைக் காட்டி இங்கேயும் கன்வென்ஷன்களில் பேசுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் கிடந்த கிடையைப் போய்ப் பார்த்தவன் நான். தசமபாகம் கொடுத்தவன் தோப்பு எது, கொடுக்காதவன் தோப்பு எது என்று பார்த்துக் காற்று அடிக்கவில்லை. அங்கே ஒரு விசுவாசியிடம் போய், உன் விதைப்பில் குறை என்று சொல்ல எந்த ஊழியக்காரருக்கு வாய் வரும்? வந்ததும் உண்டு. இந்தப் போதனையைக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பொங்கலை உலகம் என்கிறோம்.

சரி, நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் கட்டிய கிறிஸ்தவக் கோயில் ஞாபகம் இருக்கிறதா? உள்ளே பளிங்கில் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருப்பார், சரபோஜி மன்னர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உன்னைத் தூக்கிக் காட்டினேன். அந்த சுவார்ட்ஸ் கூட்டிவந்து வளர்த்த பையன்தான் வேதநாயக சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், நாம் இன்றைக்கும் பாடும் கீர்த்தனைகளைப் பாடியவர். சுவார்ட்ஸ் போய் வருஷங்கள் கழித்துப் புது மிஷனரிகள் தஞ்சாவூருக்கு வந்தார்கள். 1829 வாக்கில் சாஸ்திரியார் அவர்கள் செய்வது நாலு கொடுமை என்று எழுதினார். பழகிய தமிழ் வேதத்தைத் திருத்துகிறார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனையை நிறுத்துகிறார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். நாலாவது, கர்த்தருடைய அப்பமும் பாத்திரமும் எடுக்கும் திருவிருந்தில் எல்லாச் சாதியும் சேர்ந்து பங்கெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள்.

இதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றில் மனசு அவர் பக்கம் நிற்கிறது. பூவில் என்ன பாவம்? நம் ராகத்தில் நம் ஆண்டவரைப் பாடாமல் வேறு யார் பாடுவது? வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் சுவிசேஷத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் பேசினார்கள். ஆனால் நாலாவதில் அவர்கள்தான் வசனத்தின்படி நின்றார்கள், நம் கவிராயர் நிற்கவில்லை. அவருக்குப் பூவும் பாட்டும் சாதியும் ஒரே கட்டாக வந்துவிட்டன. எது நம் மண்ணின் அழகு, எது நம் மண்ணின் பாவம் என்று பிரிக்க அவ்வளவு பெரிய பக்தனுக்கே முடியவில்லை.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுசாக விட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் நிறையப் பேர் அதைக் கேட்டுவிட்டுக் கோயிலை விட்டே போனார்கள். சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் பின்னால் இங்கே வந்தபோது அதில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அந்த மிஷனிலிருந்து வளர்ந்ததுதான் நம் சபை. நூற்றாண்டு விழா மலரில் இதைத் தேடினால் கிடைக்காது.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து எழுந்து தனியாகப் போனார். கலாத்தியர் 2. பவுல் அதைச் சின்னப் பழக்கவழக்க விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே விரோதம் என்று எல்லோர் முன்பாகவும் பேதுருவை எதிர்த்தார். அந்தப் பேதுரு பேய்களின் பந்தியில் உட்கார்ந்தவர் இல்லை. சகோதரர்களின் பந்தியிலிருந்து எழுந்தவர்.

இன்றைக்கு நம் கோயிலில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் எடுக்கிறோம். அதற்கு ஸ்தோத்திரம். ஆனால் கமிட்டித் தேர்தல் வந்தால் யார் எந்தத் தெரு என்று எண்ணிப் பார்க்காமல் ஓட்டு விழுவதில்லை. கல்லறைத் தோட்டத்திலும் எந்த மூலை யாருக்கு என்று ஒருவரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தலித் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்று 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த ஜனாதிபதி ஆணை சொல்கிறது. சீக்கியருக்கு 1956லும் பௌத்தருக்கு 1990லும் மாற்றினார்கள், நமக்கு மாற்றவில்லை. வருஷா வருஷம் ஆகஸ்டு 10 அன்று கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு போகிறோம். நானும் போகிறேன், போக வேண்டியதுதான். ஊர்வலத்தில் பக்கத்தில் நடந்தவர் வீட்டில் பெண் கொடுப்போமா, எடுப்போமா என்று திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பாப்பா. உலகத்துக்கு ஒத்த வேஷம் என்று வசனம் சொன்னால், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டு அடுப்பைப் பார்க்கிறோம். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதில்லை. கிறிஸ்தவப் பத்திரிகைகளில் வரன் விளம்பரம் படித்திருக்கிறாயா? இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய பாரமுள்ள, தேவபயமுள்ள மணமகன் தேவை என்று நாலு வார்த்தை ஆவிக்குரியது. அஞ்சாவது வார்த்தை சாதி. அந்த அஞ்சாவது இல்லாமல் முதல் நாலும் இருந்தால் யாரும் போன் பண்ணுவதில்லை.

போன வாரம் பெரியப்பா உனக்காக ஒரு திருமணத் தகவல் நிலையத்தின் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் உன் மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார், அதில் சந்தேகம் இல்லை. படிப்பு, வேலை, உயரம், ஞானஸ்நானம், எந்தச் சபை எல்லாம் எழுதினேன். சாதிக் கட்டத்தை எழுதாமல் விட்டேன். அதற்குக் கீழே, எவ்வளவு போடுவீர்கள் என்பதை நாகரிகமாகக் கேட்கும் ஒரு கட்டம் இருந்தது, அதையும் விட்டேன். பெரியப்பா கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போய்விட்டார். அம்மா என்னோடு ரெண்டு நாள் சரியாகப் பேசவில்லை. ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு கொள்கை பேசுகிறீர்கள், நாளைக்கு அவள் தனியாக நின்றால் உங்கள் கலாத்தியர் வந்து பார்ப்பாரா என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. உன் வாழ்க்கையை வைத்து நான் சாட்சி சொல்ல முடியாது. அதனால்தான் படிவத்தை இன்னும் அனுப்பாமல் மேசை மேல் வைத்திருக்கிறேன்.

நீ சொல். அந்தக் கட்டம் காலியாகவே போகலாமா? உனக்கு வேண்டாம் என்றாலும், யோசிக்க நாள் வேண்டும் என்றாலும், மனசில் வேறு யாராவது இருந்தாலும் எழுது. பக்கத்து ஃபிளாட் பெண்ணிடம் எவ்வளவு தைரியமாகக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாயோ, அதே தைரியத்தோடு எழுது. முடிந்தால் உன் பாஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேள்: பொங்கலைப் பற்றி முழுப் பிரசங்கம் பண்ணினவர், இதைப் பற்றி என்றைக்குப் பண்ணப் போகிறார் என்று. மரியாதையாகக் கேள்.

பெரிய வெள்ளிக்கு வருவதாக இருந்தால் மைசூர் எக்ஸ்பிரஸில் இப்போதே டிக்கெட் போட்டுவிடு, அப்புறம் கிடைக்காது. புது அரிசி அரைத்ததும் ஒரு மூட்டை கூரியரில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா உனக்குப் போன் பண்ணுவார். அதற்குள் உன் பதில் எனக்கு வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
அப்பா