கொழுப்பு மாத்திரைச் சீட்டில் இன்னும் இரண்டு வரி: வேலூர் வட்டார மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் பெருமக்களுக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் 31 ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் ஒரு மருந்தாளுநர் எழுதும் மடல் இது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், நோயாளிகளுக்கு இது இன்னும் ஒரே வட்டாரந்தான். இரத்தப் பரிசோதனை காட்பாடியில் நடக்கும், சீட்டு வேலூரில் எழுதப்படும், மாத்திரையை ஊர் திரும்பும் வழியில் என்னிடம் வாங்குவார்கள். அந்த வழியில் கடைசியாக நிற்பவன் நான் என்பதால், உங்கள் அறையில் கேட்கத் தயங்கிய கேள்விகள் என் கடை மேசைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது இது: "சார், இந்தக் கொழுப்பு மாத்திரை வோணுமா, நிறுத்திடலாமா?"

மாதக் கடைசியில் பணம் இடிக்கும்போது சீட்டிலிருந்து முதலில் கழன்றுவிழுவது இந்த மாத்திரைதான். சர்க்கரை மாத்திரையை விட்டால் இரவில் நான்கு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை விட்டால் தலை கனக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகளான அட்டோர்வாஸ்டாட்டினையோ ரோசுவாஸ்டாட்டினையோ விட்டால் மறுநாள் ஒன்றும் ஆவதில்லை, மறுமாதமும் ஒன்றும் தெரிவதில்லை. கால் வலி போய்விட்டது என்று மகிழ்ச்சியோடு வந்து சொல்பவர்களும் உண்டு. நன்மை கண்ணுக்குத் தெரியாமலும், தொந்தரவு மட்டும் உடம்பில் தெரிவதாகவும் இருக்கிற ஒரு மருந்தை ஆண்டுக்கணக்கில் ஒருவர் விழுங்க வேண்டுமானால், ஏன் விழுங்குகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் வரும் சீட்டுகளில் அந்தக் காரணம் இருப்பதில்லை. வாய்மொழியாகச் சொல்லப்பட்டதாகவும் பெரும்பாலோர் நினைவுகூர்வதில்லை. ஆகவே என் வேண்டுகோள் சிறியது. இந்த மாத்திரையை எழுதும்போது, எதற்காக என்பதை ஒரு வரியும், உடம்பில் எது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியும், தமிழில் சீட்டிலேயே எழுதித் தாருங்கள்.

எதற்காக என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதால்தான் அதை எழுதச் சொல்கிறேன். மாரடைப்பு வந்தவருக்கும், இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவருக்கும், இரத்தக் குழாய் அடைப்பினால் பக்கவாதம் கண்டவருக்கும் இது விட்டுவிடக்கூடிய மாத்திரை அல்ல. 1994-இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில், இதய நோய் உள்ள 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கும் சற்று அதிகமாகப் பின்தொடர்ந்தார்கள். ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 12 பேரும், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் உண்டவர்களில் 100-க்கு 8 பேரும் இறந்திருந்தார்கள். நூற்றுக்கு நான்கு உயிர் என்று சொன்னால் எங்கள் ஊர் கைலி நெசவாளருக்கு உடனே விளங்குகிறது. அதையே 30 சதவீதம் குறையும் என்று சொன்னால் ஆடித் தள்ளுபடியைக் கேட்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இதுவரை எந்த இதய நோயும் வராதவரின் கணக்கு வேறு. முழு உடல் பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 142 என்ற எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு இழுத்திருப்பதைப் பார்த்துப் பயந்து வருகிற 45 வயதுக்காரருக்கு, அந்த எண்ணைவிட அவருடைய புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை, தகப்பனாருக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பன போன்றவை சேர்ந்துதான் பதில் சொல்லும். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த விரிவான மதிப்பீடு ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எல்.டி.எல். அளவை ஏறத்தாழ 77 மில்லிகிராம் குறைத்து ஐந்து ஆண்டுகள் தொடர்ந்தால், ஏற்கெனவே நோய் வந்த 10,000 பேரில் சுமார் 1,000 பேருக்கும், நோய் வராத ஆனால் அபாயம் கூடியிருக்கிற 10,000 பேரில் சுமார் 500 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. மறுபக்கத்தில், அதே 10,000 பேரில் சுமார் 5 பேருக்குக் கடுமையான தசை பாதிப்பும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், 5 முதல் 10 பேருக்கு மூளையில் இரத்தக்கசிவும் வரலாம். தராசின் இரண்டு தட்டையும் காட்டிவிட்டால் பெரும்பாலோர் மாத்திரையின் பக்கமே சாய்வார்கள் என்பது என் அனுபவம். ஒரு தட்டை மறைத்தால்தான், மறைத்த தட்டில் இருப்பதைப் பையன் கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறான்.

வேலூர் நகரிலும் கணியம்பாடி ஒன்றிய கிராமங்களிலும் 1991–94 காலத்தில் எடுத்த கணக்கெடுப்பை 2010–12-இல் மீண்டும் எடுத்தபோது சர்க்கரை நோயும் உடற்பருமனும் கூடியிருந்தன. ஆகவே நோய் வருமுன் காக்க வேண்டியவர்கள் நம் வட்டாரத்தில் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. அரசும் இதை அறிந்தே இருக்கிறது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குக் கொடுக்கப்படும் 14 மாத்திரைகளில் 8 மாத்திரைகள் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின். அவசரத்தில் உயிர் காக்கக் கையில் வைக்கப்படும் அதே மாத்திரையை, அவசரம் வராமல் தடுக்க வீட்டில் உண்பதற்குத்தான் நம் மக்கள் பயப்படுகிறார்கள்.

பயத்தில் முதலிடம் கால் வலிக்கு. இதில் நோயாளிகள் பொய் சொல்வதில்லை, வலி மெய்யானது. காரணம்தான் எப்போதும் மாத்திரை அல்ல. 2022-இல் தொகுத்துப் பார்த்த 19 ஆய்வுகளில் ஏறத்தாழ 1,24,000 பேர் இருந்தார்கள். மருந்து உண்டவர்களில் 27.1 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசை வலி சொன்னார்கள். கூடுதலாக வந்த வலியும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்தது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2020-இல் லண்டனில் நடந்த ஒரு சிறிய ஆய்வு. தொந்தரவு தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, சில மாதங்கள் மருந்தும், சில மாதங்கள் வெற்று மாத்திரையும் எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதங்கள் எதையும் கொடுக்கவில்லை. மாத்திரையே இல்லாத மாதங்களில் தொந்தரவின் மதிப்பெண் நூற்றுக்கு 8. வெற்று மாத்திரையில் 15.4; மருந்தில் 16.3. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு அவர்களில் பாதிப் பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினார்கள். 'உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை' என்று அதட்டி இதைச் சாதிக்க முடியாது. உட்கார்ந்து காட்டித்தான் சாதித்திருக்கிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்த ஆண்டில் எனக்கும் சர்க்கரையும் கொழுப்பும் கூடியிருப்பது தெரிந்து 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எழுதப்பட்டது. ஏழாவது வாரத்தில் இரண்டு தொடையும் ஈரத்துணி சுற்றியதுபோல் கனத்தன. கடையில் ஏணிமேல் ஏறிப் பெட்டி இறக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் மருந்தை நிறுத்தாதே என்று சொல்லும் நான், யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். எழுதிய மருத்துவரிடம் போய்ச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரும் வலி வரலாம் என்று சொல்லியிருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காகப் பார்த்த பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு வெளிப்பட்டது. அந்தக் குறைவே கொழுப்பையும் கூட்டும், தசையையும் வலிக்கவைக்கும், இந்த மாத்திரையால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பையும் அதிகப்படுத்தும் என்பதைப் படித்தவன்தான் நான். என் உடம்புக்கு அந்தப் படிப்பு தோன்றவில்லை. தைராய்டு சரியானபின் குறைந்த அளவு ரோசுவாஸ்டாட்டினில் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுகளாகத் தொடர்கிறேன். சித்திரை வெயிலில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வது இன்னும் உண்டு. அது வேலூர் வெயிலின் வேலையா, மாத்திரையின் வேலையா என்று கேட்டால், ஐப்பசியில் அது வருவதில்லை என்பதுதான் என்னிடமுள்ள பதில்.

எனவே அந்த இரண்டாவது வரியில் இருக்க வேண்டியது அதிகமில்லை. இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒருசேரப் புதிதாக வலியோ பலவீனமோ வந்தால் நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே வாருங்கள். வந்தவருக்குத் தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. இரத்தப் பரிசோதனையும் தைராய்டும் பார்ப்பது, அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது, குறைந்த அளவோடு எசெடிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையைச் சேர்ப்பது என்று உங்களிடம் வழிகள் இருக்கின்றன. அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். மேலும் ஆறு சதவீதம் அளவுக்குத்தான் குறையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகவே பாதி அளவு தாங்குகிறவரை முழு அளவுக்காக இழந்துவிட வேண்டியதில்லை. ஆசிய வம்சாவளியினருக்கு ரோசுவாஸ்டாட்டினை 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே இருக்க, முதல் சீட்டிலேயே 20 எழுதப்பட்டு வருவதையும் பார்க்கிறேன். மாரடைப்பு வந்தவருக்கு அதற்குக் காரணம் இருக்கும். பரிசோதனை முகாமில் எல்.டி.எல். எண்ணை மட்டும் பார்த்து வந்தவருக்கு என்ன காரணம் என்று எனக்குப் புரிவதில்லை.

கடை மேசையிலிருந்து மட்டும் தெரிகிற இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். முதலாவது படர்தாமரை. நம் ஊர் வியர்வைக்கு அது எத்தனை பேருக்கு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். தோல் மருத்துவர் அதற்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை வாரக்கணக்கில் எழுதுகிறார். வயிற்றுப்புண்ணுக்கு எழுதும் கிருமிக்கொல்லித் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் இருக்கிறது. இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டினை இரத்தத்தில் தேங்கவிடும்; தேங்கினால் தசை பாதிக்கப்படும் வாய்ப்பு கூடும். சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. தோல் மருத்துவரிடம் இதய மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கு எப்படித் தோன்றும்? 2001-இல் செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதில், ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தோடு சேர்த்து உண்ட பலரின் தசைச் சிதைவுக்குப் பங்கு இருந்தது. சேர்க்கையில்தான் ஆபத்து என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரே கேப்சூலில் ஸ்டாட்டினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும், சிலவற்றில் அதே வேலைக்கான குளோபிடோக்ரெலும் சேர்த்து அடைப்பது. விழுங்க எளிது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த ஒருவர் பல் பிடுங்கப் போனார். இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொன்னார்களாம். அவர் கேப்சூலை நிறுத்தினார். மீண்டும் தொடங்கச் சொல்ல யாரும் இல்லாததால் நான்கு மாதம் வாங்கவில்லை. கணக்கு நோட்டில் பெயர் காணாமல் நான் கேட்டபோதுதான், கொழுப்பு மாத்திரையும் அதற்குள் இருந்தது என்பதே அவருக்குத் தெரிந்தது. இதய நோயே வராத ஒருவருக்கும் இந்தக் கேப்சூல் எழுதப்படும்போது, வேண்டாத ஆஸ்பிரின் அவர் இரைப்பைக்குள் போகிறது. தனித்தனியாக எழுதினால் அட்டை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

75 வயதைக் கடந்து, இதுவரை இதய நோய் வராமல், வேறு எட்டு மாத்திரை உண்டுகொண்டிருக்கும் பெரியவர்களுக்குப் புதிதாக இதைத் தொடங்குவது பற்றியும் ஒரு சொல். அந்த வயதில், நோய் வராதவர்களுக்கு உள்ள சான்று மற்றவர்களுக்கு உள்ளதுபோல் வலுவானதல்ல. அவர்களையும் குடும்பத்தாரையும் கேட்டு முடிவெடுத்தால், வேண்டாம் என்பதும் மரியாதையான ஒரு முடிவாக இருக்கும்.

குறையை உங்கள்மீது மட்டும் போட்டுவிட்டு நான் நல்லவனாக நிற்க முடியாது. பழைய அட்டையைக் காட்டினால் சீட்டுக் கேட்காமல் கொடுக்கும் கடைகளில் என் கடையும் ஒன்றாக இருந்திருக்கிறது. கையிருப்பில் இல்லாத கம்பெனிக்குப் பதில் வேறு கம்பெனி கொடுத்து, அது அதே மருந்துதான் என்று சொல்லத் தவறியதால், இரண்டு பெயரிலும் அட்டோர்வாஸ்டாட்டினை இரண்டு மாதம் விழுங்கிய ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. நல்லவேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் இந்த மாதத்திலிருந்து என் கடையில் கொழுப்பு மாத்திரை கொடுக்கும் உறையின்மேல் மருந்தின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதுகிறேன். கூடவே உண்ணும் மற்ற மாத்திரைகளைக் கேட்டுக் குறிக்கிறேன். தொடங்கியவர்களுக்கு நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபரிசோதனை எப்போது என்று உங்களைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். உறையில் 'எதற்காக' என்று அச்சடித்து அதற்கு எதிரே ஒரு கோடு விட்டிருக்கிறேன். அதை நான் நிரப்பினால் ஊகமாகிவிடும். நீங்கள் சீட்டில் எழுதி அனுப்பினால் அப்படியே பார்த்து எழுதிவிடுவேன்.

மரியாதையுடன்,
ஒரு மருந்தாளுநர்,
குடியாத்தம்.