பத்து மணி நேரக் கடிகாரம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துவிடு. அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா? இங்கே எல்லோரும் நலம். டெக் அண்ணன் பேரனுக்குக் காது குத்தினார். பந்தியில் உட்கார்ந்ததும் உன்னைத்தான் விசாரித்தார். இன்னும் பாதிப் படத்திலேயே தூங்குகிறானா என்று கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

'மெட்ரோபோலிஸ்' பார்த்தேன், அந்தப் பழைய ஜெர்மன் பேசாத படம். அதைத்தான் 1991-லேயே உங்கள் கடை மாடியில் பார்த்தோமே என்று நீ சொல்வாய். நாம் பார்த்தது வேறு சேகர். டெக் அண்ணனிடம் வீடியோ டெக்கும் கேசட்டும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, கோடு கோடாக ஓடிய படத்தை ஆறு பேர் முட்டி மோதிக்கொண்டு பார்த்தோமே, அது அமெரிக்காவில் வெட்டி ஒட்டிய பிரதி. வெள்ளம் வரும் இடத்தில் நீ குறட்டை விட்டாய். மறுநாளே நம் கையெழுத்துப் பத்திரிகையில் நாலு பக்கம் திட்டி எழுதினாய். அந்த விஞ்ஞானி எதற்காகப் பெண் உருவில் இயந்திரம் செய்கிறான், பைத்தியம் என்றாலும் ஒரு காரணம் வேண்டாமா என்று கேட்டிருந்தாய். நான் பதில் தெரியாமலே உன்னோடு ஒரு மாதம் சண்டை போட்டேன்.

காரணம் படத்திலேயே இருந்திருக்கிறது. அதைத்தான் வெட்டிவிட்டார்கள். அந்த விஞ்ஞானி ரோட்வாங் காதலித்த பெண்ணின் பெயர் ஹெல். அவள் அந்த நகரத்தின் அதிபதி ஃப்ரெடர்சனைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்றதும் இறந்துபோனவள். இவன் தன் வீட்டிலேயே அவளுக்குப் பெரிய சிலை வைத்து, திரை போட்டு மூடி வைத்திருக்கிறான். இயந்திரப் பெண் அவளைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நரகம் என்று கேட்கும் என்பதற்காக அமெரிக்கப் பிரதியில் ஹெல்லையே எடுத்துவிட்டார்களாம். ஒரு பெயருக்காக ஒருவனுடைய துக்கம் முழுவதையும் வெட்டி எறிந்தால் அவன் பைத்தியமாகத்தானே தெரிவான்? அன்றைக்கு நீ கேட்டது நல்ல கேள்வி.

1927 ஜனவரி 10-ஆம் தேதி பெர்லினில் முதலில் காட்டியபோது படம் இரண்டரை மணி நேரம். அந்த வருஷமே ஜெர்மனியிலும் குறைத்துவிட்டார்கள். அதன் பிறகு கிட்டத்தட்ட எண்பது வருஷம் ஏறக்குறைய கால் பங்கு படம் எங்கே என்றே தெரியாது. 2008-இல் அர்ஜென்டினாவில், புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில், ஒரு 16 மில்லிமீட்டர் பிரதியாகக் கிடைத்தது. வெட்டுவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்த படச்சுருளிலிருந்து பின்னாளில் எடுத்த நகல் அது. பழைய சுருளில் இருந்த கீறலெல்லாம் நகலிலும் ஏறிவிட்டது, ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டுவிட்டது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை. அதனால் 2010-இல் வந்த பதிப்பில், பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று சின்னதாகி, கறுப்பு விளிம்புக்குள் மழை பெய்கிற மாதிரி கீறலோடு வரும். சேகர், எனக்கு அந்த இடங்கள்தான் உயிர். ஒவ்வொரு முறை கீறல் வரும்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எத்தனை கை மாறி வந்த காட்சி இது என்று நெஞ்சு அடைத்தது. இப்போதும் முழுசு இல்லை. ரோட்வாங்கும் ஃப்ரெடர்சனும் கைகலக்கிற இடத்தில் எழுத்து மட்டும்தான் வருகிறது.

டிஸ்க் பாரீஸ் மச்சான் கொண்டுவந்தது. அங்கத்திய டிஸ்க் இங்கத்திய பிளேயரில் ஓடாது என்று பிளேயரையும் சேர்த்தே தூக்கி வந்தான். நல்ல பிள்ளை.

உங்கள் அப்பா இருந்திருந்தால் ஒன்றை அவரிடம் சொல்லியிருப்பேன். அந்த மாபெரும் நகரம் பாதி பொம்மை. ஷுஃப்டான் என்ற ஒளிப்பதிவாளர், கேமராவுக்கு முன்னால் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, அதில் சின்ன மாதிரிக் கட்டடம் தெரியும்படி வைத்தார். நடிகர்கள் நிற்கும் இடத்துக்கு மட்டும் கண்ணாடியின் ரசத்தைச் சுரண்டிவிட்டு, அந்த ஓட்டை வழியாக அவர்களைப் படம் பிடித்தார். கட்டடமும் மனிதர்களும் ஒரே படத்தில் விழுந்தார்கள். நெல்லித்தோப்புக் கடையில் ரசம் போன கண்ணாடிகளை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, இதையும் எதற்காவது ஆக்கலாம் என்பாரே, அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது உண்மையில் எழுத வந்ததைச் சொல்கிறேன். படத்தை அப்பாவோடு பார்த்தேன். அவருக்கு 85 ஆகிறது, காது சுத்தமாகக் கேட்பதில்லை. டிவி போட்டால் எழுந்து போய்விடுவார். பேசாத படம் என்றதும் உட்கார்ந்தார். எழுத்து வரும்போது நான் பலகையில் தமிழில் எழுதிக் காட்டினேன். ஷிப்ட் மாறும் காட்சி வந்தது. தலை குனிந்து ஒரு கூட்டம் உள்ளே போகிறது, ஒரு கூட்டம் வெளியே வருகிறது. அப்பா, "சங்கு ஊதிட்டான்" என்றார். அவருக்குக் கேட்டிருக்க வழியே இல்லை, ஆனால் படத்தில் அந்த நேரம் சங்குதான் ஊதுகிறது. முப்பத்தெட்டு வருஷம் மில்லில் நின்ற உடம்பு.

படத்தில் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று 24 மணி நேரம், இன்னொன்று பத்தே மணி நேரம், ஒரு ஷிப்டுக்கு ஒரு சுற்று. முதலாளி மகன் ஃப்ரெடர், களைத்து விழும் தொழிலாளியை அனுப்பிவிட்டு அவன் இடத்தில் நின்று இயந்திரத்தின் முள்ளைத் தள்ளுகிறான். பத்து மணி நேரம் முடியவே முடியாதா என்று அப்பனைக் கூப்பிட்டு அலறுகிறான். அப்பா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வந்தபோது இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். ஃபெஞ்சல் புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதை உனக்கு போனில் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து அப்படித்தான். அந்தக் காட்சிக்கு பெர்லினின் ஏழைப் பகுதிகளிலிருந்து 500 குழந்தைகளைக் கூட்டி வந்து குளிர்ந்த தண்ணீரில் நாள் கணக்கில் நிற்க வைத்தார்களாம். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. தொழிலாளியின் வலியைச் சொல்லும் படத்தை இப்படி எடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

முடிவு உனக்குத் தெரியும். தலைக்கும் கைக்கும் நடுவே இதயம் வேண்டும் என்று எழுத்து வருகிறது, முதலாளியும் மேஸ்திரியும் கை குலுக்குகிறார்கள். இது முதலாளி பக்கத்துப் படம் என்று நீ எழுதினாய். கலையைக் கலையாகப் பார் என்று நான் கத்தினேன். அப்பா பலகையை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டார்: "கை குடுத்தது சரி. ஷிப்ட் எத்தனை மணி நேரம்னு பேசினாங்களா?"

அவர்கள் பேசவே இல்லை சேகர். நானும் இத்தனை வருஷம் அதைக் கேட்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று இங்கே சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. தாத்தா சொன்னதாக அப்பா எத்தனை தரம் நமக்கு அதைச் சொல்லியிருப்பார்? நீ அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவன். அதை வைத்துத்தான் நீ படத்தை எடை போட்டாய். எனக்கு அது வீட்டுக் கதையாகவே போய்விட்டது. இயக்குநர் லாங்கே பிற்காலத்தில், அந்த முடிவு வெறும் தேவதைக் கதை என்று சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கடிகாரத்தைக் காட்டியவர்கள் ஏதோ பார்த்துத்தான் காட்டியிருக்கிறார்கள். நீ நேரில் வந்தால் இன்னொரு சண்டை போடலாம்.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. அப்பாவுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கையெழுத்துப் பத்திரிகை உன் பரணில்தான் இருக்க வேண்டும், தேடி எடுத்து வா. நீ எழுதிய நாலு பக்கத்தையும் அவருக்குப் படிக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பிளேயரை தை மாதம்வரை வைத்துக்கொள்ள மச்சானிடம் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
ரவி