கேட்காமல் அழிக்காதீர்கள்: பெரிய கடைகளின் கணினிச் சேவைப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெரிய மின்னணுக் கடைகளின் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கவுண்டர்களில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் அவருடைய கணினியில் இருப்பதை அழிக்காதீர்கள்.

என் அக்கா, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்பவர். வேலை முடிந்து வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பார். ஓரிடத்தில் நாக்கு பிறழ்ந்தால் அந்தப் பக்கத்தையே மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். அந்த ஒலிக்கோப்புகள் இருந்த மடிக்கணினி சார்ஜ் ஏறாமல் தகராறு செய்தது. சார்ஜர் முனையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் விளக்கு எரியும். கையை எடுத்தால் அணைந்துவிடும். கவுண்டரில் இருந்தவரிடம் அக்கா அதைச் செய்தே காட்டினார். ரசீதில் அவர் எழுதியது, ‘ஆன் ஆகவில்லை’.

கணினி திரும்பி வந்தபோது விண்டோஸ் புதிதாக ஏற்றப்பட்டிருந்தது. பதிவுகள் இருந்த கோப்புறைகள் ஒன்றுகூட இல்லை. சார்ஜரைச் செருகிப் பார்த்தோம். அப்போதும் சாய்த்துப் பிடித்தால்தான் விளக்கு எரிந்தது.

கேட்டதற்கு, “பேக்கப் எடுத்து வைத்திருக்கலாமே மேடம்” என்றார்கள். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில், தரவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று இருப்பதையும் காட்டினார்கள். ஐயா, அம்மா, பேக்கப் இருக்கிறதா என்ற கேள்வியைக் கணினியை வாங்கி வைக்கும்போது கேட்க வேண்டும். எல்லாம் போன பிறகு கேட்டு யாருக்கு என்ன பயன்?

தரவை மீட்டுத் தருபவர்களிடமும் போனோம். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால், அழிந்த கோப்பின்மேல் வேறொன்று எழுதப்படாதவரை ஓரளவு மீட்க முடியும். அக்காவின் கணினியில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க். அதில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இந்த இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் டிரிம் கட்டளை அனுப்பிவிடும், எஸ்எஸ்டி அதைத் தானாகவே துடைத்துவிடும். இதெல்லாம் உங்கள் பணிமனையில் இருப்பவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் கேட்காமல் செய்ததுதான் மனதை அறுக்கிறது.

சார்ஜர் செருகும் துளை தளர்ந்ததற்கும் விண்டோஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் மின்சாரம் எங்கே அறுகிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் எந்தக் கோளாறோடு போனாலும் முதல் வைத்தியம் டிஸ்க்கில் உள்ளதை அழிக்கும் ஃபார்மட்தான் என்று ஆகிவிட்டது. டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கும் கணினிக்கு இதைவிடக் கேடு வேறில்லை. அங்கே முதலில் செய்ய வேண்டியது, இருப்பதை இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. மற்றதெல்லாம் அப்புறம்.

பழுது பார்க்கும் தம்பிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. வாடிக்கையாளர் சொல்வதை ஒருவர் கேட்கிறார், கணினியை வேறொருவர் திறக்கிறார். இருவருக்கும் நடுவே போவது ஒற்றை வரி எழுதிய ஒரு சீட்டு. சீக்கிரம் முடி, அடுத்ததை எடு என்று மேலிருந்து நெருக்கினால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நீங்கள்.

நம்பிக்கை குறைய வேறு காரணங்களும் உண்டு. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் கணினியை இலவசமாகச் சோதிப்பதாகச் சொல்லி ஒரு மென்பொருளை ஓட்டினார்கள். தொடக்கத்தில் கேட்கும் நான்கு கேள்விகளில் எதற்காவது ‘ஆம்’ என்றால் போதும், கணினியில் தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் மென்பொருள்) அறிகுறி இருப்பதாக அது காட்டும் என்பது அந்நாட்டு வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் அந்த நிறுவனம் 2.5 கோடி டாலர் தந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2022இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நடப்பதையெல்லாம் பதிவு செய்யும்படி அமைத்த மடிக்கணினிகளை 16 இடங்களில் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். 6 இடங்களில் உரிமையாளரின் அந்தரங்கக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். அக்காவிடமும் கடவுச்சொல்லைக் கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி ஒட்டினார்கள். ஒரு துளையைச் சரிசெய்யக் கடவுச்சொல் எதற்கு? திறக்கக் கூடாததைத் திறக்கிறீர்கள், காக்க வேண்டியதை அழிக்கிறீர்கள், கொண்டுவந்த கோளாறை மட்டும் அப்படியே திருப்பித் தருகிறீர்கள். இதற்குச் சேவை என்று எப்படிக் கட்டணம் வாங்க மனம் வருகிறது?

பேச்சு கொஞ்சம் கடுமையாகிவிட்டது. சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். உங்கள் ரசீதின் முன்பக்கத்தில், படிக்கக்கூடிய எழுத்தில், ‘இந்தக் கணினியில் உள்ளதை அழிக்கலாமா?’ என்று ஒரு வரி வையுங்கள். அதன் கீழே வாடிக்கையாளர் கையெழுத்திடட்டும். கையெழுத்து இல்லையென்றால் யாரும் டிஸ்க்கைத் தொட வேண்டாம். அழித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பழுது பார்ப்பவரே தொலைபேசியில் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல்லட்டும். திருப்பித் தரும்போது என்ன சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை இரண்டு வரியாவது எழுதிக் கொடுங்கள்.

அக்கா மறுபடி முதல் பாடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியிருக்கிறார். தேர்வுக்கு முன் முடிக்க முடியாது என்று அவருக்கே தெரியும். அந்த மாணவர்களுக்கு உங்களால் ஈடு செய்ய முடியாது. அதை நான் கேட்கவும் இல்லை. இனி யாருடைய கணினியையும் கேட்காமல் அழிக்க மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். மாற்றி அச்சிட்ட ரசீதின் நகல் ஒன்றையும் அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவரின் தம்பி