டோனா சம்மர்: இயந்திரம் மட்டும் பாடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பாடகி டோனா சம்மர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவருடைய 'ஐ ஃபீல் லவ்' பாடல் முழுக்க முழுக்க இயந்திரத்தின் பாட்டு என்கிறது. 1979-ல் டிஸ்கோ என்ற நடன இசை ஓய்ந்ததும் அவரும் ஓய்ந்துவிட்டார் என்றும் முடிக்கிறது. இரண்டுமே சரியில்லை.

1977-ல் வெளிவந்த அந்தப் பாடலை ஜெர்மனியில், மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லட்டும் உருவாக்கினார்கள். மின்னணு முறையில் ஓசை எழுப்பும் 'மூக் மாடுலர்' சிந்தசைசரைக் கையாண்டவர் ராபி வெடல். அந்தக் கருவியில் சூடு ஏறினால் சுருதி நகர்ந்துவிடும். அதனால் 20, 30 நொடி பதிவு செய்வார்கள், நிறுத்திச் சுருதி சேர்ப்பார்கள், பிறகு அடுத்த துண்டு. டேப்பின் ஒரு தடத்தில் வெடல் சீரான துடிப்பைப் பதிந்து வைத்திருந்ததால்தான் துண்டுகள் தாளம் பிசகாமல் சேர்ந்தன. தாளத்தின் மற்ற ஓசைகளை 'மூக்' சிந்தசைசரின் வெற்று இரைச்சலிலிருந்தே செதுக்கி எடுத்துவிட்டார்கள். கிக் டிரம்முக்கு மட்டும் அதில் கனம் வரவில்லை. அதை டிரம்மர் கீத் ஃபோர்ஸிதான் காலால் மிதித்து வாசித்தார்.

பாஸ் எனும் கீழ்ஸ்தாயி ஓசை இடது பக்கம் ஒலிக்கிறது. அதன் எதிரொலி நொடியின் சிறு பங்கு தாமதித்து வலது பக்கம் வருகிறது. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்டால் அந்த ஓட்டமே உடைந்துபோகும்.

இப்படி இம்மி அசையாத தாளக் கட்டத்தின் மேல்தான் டோனா மெல்லிய மேல்ஸ்தாயிக் குரலில், வார்த்தையைச் சிக்கனமாக வைத்து, நீட்டி நீட்டிப் பாடுகிறார். 1968-ல் 'ஹேர்' இசை நாடகத்தில் நடிக்க மியூனிக் போனவர் அவர். மேடையில் தேறிய தொண்டை. அதே தொண்டை 1979-ல் 'ஹாட் ஸ்டஃப்' பாடலில் கரகரத்து முழங்கியது. பெண் ராக் பாடகிக்கென்று கிராமி புதிதாகத் தொடங்கிய விருதின் முதல் சுற்றே அவருக்குப் போனது. டிஸ்கோ பாடகி என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

1979 ஜூலை 12 அன்று சிகாகோ மைதானத்தில் டிஸ்கோ எதிர்ப்பாளர்கள் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே வாரம், ஜூலை 14 தேதியிட்ட அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அவருடைய 'பேட் கேர்ள்ஸ்'! 1983-ல் 'ஷீ ஒர்க்ஸ் ஹார்ட் ஃபார் த மனி' மூன்றாம் இடம் வரை போனது. கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தாக்கம் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவின் மின்னணு இசைக் கலைஞர் பாட்ரிக் கௌலியிலிருந்து தொடங்க வேண்டும். 'ஐ ஃபீல் லவ்' பாடலை அவர் 15 நிமிடத்துக்கு மேல் நீட்டிய ரீமிக்ஸ், நடனக் கூடங்களில் பெரிதாகப் பேசப்பட்டது. 2022-ல் பியான்சேயும் தன் 'சம்மர் ரெனசான்ஸ்' பாடலில் இதை எடுத்தாண்டார்.

கட்டுரையோடு நீங்கள் பரிந்துரைத்திருப்பது சுருக்கிய சிங்கிள் பதிப்பு. ஏறக்குறைய 6 நிமிடம் ஓடும் ஆல்பம் பதிப்பை அடுத்த இதழில் திருத்தமாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி